ஏழாம் பிரிவு

சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.
செம்பூரில் பதினொரு மாதத்துக்கு ஒரு வீடு.

ஆகவே காற்றுச்செடிகள்:
காம்பொடிந்த டீ வடிகட்டியில் ஒன்று,
துணி கிழித்தெடுத்த குடையின் கம்பிகளில் மூன்று.
ஜன்னல் கிராதியில் தூண்டில் நரம்பில் தொங்குவது
ஹார்பர் லோக்கல் கடக்கையில்
அரைச்சுற்று சுற்றித் திரும்பும்.
ஆகச் சிறியதை
பழைய ரயில் பாஸ் உறைக்குள் வைத்தேன்.
மூன்று நாள்தான். மனசு கேட்கவில்லை.

ஞாயிறு, தண்ணீர் வரும் ஐந்தே முக்காலுக்கு
எல்லாம் வாளிக்குள்.
அரை மணி ஊறியபின்
தலைகீழாய் உதறிக் கவிழ்க்க வேண்டும்.
குருத்தடியில் ஈரம் நின்றால் அழுகிவிடும்.
ஜூலையில் இரண்டு அப்படிப் போயின.

கானோல்கர் வந்தார்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார்.
ஓட்டை இல்லை.
"மண்ணும் இல்லையா?"
இல்லை.
"பின்னே எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது?"

குடையைக் காட்டினேன்.

போகும்போது அவர் சட்டைப்பையில்
பேனாவுக்குப் பக்கத்தில்
ஒன்று பச்சையாய் நீட்டிக்கொண்டிருந்தது.

லிஃப்ட் கீழே போன பிறகுதான் நினைவு வந்தது,
உதறச் சொல்லவில்லை.