உங்கள் மைக் அணைந்திருக்கிறது

தெரியும் சாமி.
அணைத்ததே நான்தான்.

முதுகுக்குப் பின்னால் இருபத்திரண்டு ஓவர்லாக் ஓடுகிறது,
அதற்கும் பின்னால் ஸ்டீம் அயர்ன் பெருமூச்சு விடுகிறது,
அங்கேரிபாளையம் ரோட்டில் துணி ஏற்றிய டெம்போ ஒன்று
காலையிலிருந்து ரிவர்ஸ் எடுத்துக்கொண்டே இருக்கிறது.
இதையெல்லாம் ராட்டர்டாமுக்கு அனுப்ப வேண்டாம் என்றுதான்
நானே, என் கையால், யோசித்து, அமுக்கி வைத்தேன்.

கறுப்புப் பட்டை விடுவதாயில்லை.
"பேசுகிறீர்களா? உங்கள் மைக் அணைந்திருக்கிறது."

லோகுவிடம் காலரைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். வந்தது.
இருமினேன். வந்தது.
டீ கிளாஸை வைத்த சத்தத்துக்கும் வந்தது,
சரியாக யோரிஸின் மூக்குக்கு மேல்,
அவன் காட்டும் விலைக் கட்டத்தை மறைத்துக்கொண்டு.
பெருக்கல் குறியைத் தேடி மூடுவதற்குள் அடுத்த இருமல்.

சரி, திறந்துவிட்டால்?
"உங்கள் மைக்கில் இரைச்சல் அதிகமாக உள்ளது.
அமைதியான இடத்துக்குச் செல்லவும்."
எங்கே போக? அவினாசிக்கா?
திங்கட்கிழமை மூன்று மணிக்கு அமைதியாக இருக்கும் கம்பெனி
இந்த ரோட்டில் ஒன்றுதான்,
பேங்க்காரன் பூட்டினது.

பந்தியில் உட்கார்ந்த சம்பந்தி மாதிரி இது.
ரசம் ஊற்றினால் சூடு,
ஊற்றாவிட்டால் மரியாதையில்லை.

பீஸுக்குப் பதினொரு சென்ட் குறைக்கணும் என்றான் யோரிஸ்.
குழந்தைகளின் இரவு உடை, ஆறாயிரத்து நானூறு பீஸ்.
பேசினேன்.

"ஏனுங்க, பதினொண்ணுங்கறது உங்களுக்கு என்னங்க,
காப்பிக்கு மேல தூவற சக்கரைங்க.
எனக்கு அது செக்கிங்ல நிக்கிற மூணு பொம்பளைங்க.
நூல் விலை தெரியுமுங்களா?
போன மாசம் சாயக்காரருகிட்ட நான் சொன்ன பொய்
தெரியுமுங்களா?"

ஒன்றரை நிமிடம்.
பிறந்ததிலிருந்து நான் பேசியதில் நல்ல பேச்சு அது,
கோபத்திலும் ஒரு 'ங்க' விடவில்லை.
யோரிஸ் பேனாவால் காது குடைந்துகொண்டிருந்தான்.
பட்டை மட்டும் கவனித்தது:
"பேசுகிறீர்களா?"

மைக்கைத் திறந்து,
மறுபடி முதலிலிருந்து, இங்கிலீஷில், என்று வாயெடுத்தபோது
கரண்ட் போனது.

இருபத்திரண்டும் ஒரே மூச்சில் நின்றன.
டெம்போகூட நின்றுவிட்டது.
பேட்டரியில் கிடந்த லேப்டாப் எழுதிக் காட்டியது:
"உங்கள் மைக்கிலிருந்து ஒலி எதுவும் வரவில்லை.
சரிபார்க்கவும்."

மகராசா.

செட்டிங்ஸுக்குள் நுழைந்தேன்,
கண்ணை இடுக்கி, பல்லைக் கடித்து, கட்டம் கட்டமாக.
"துளசி?" என்றான் யோரிஸ்.
மைக் என்ற இடத்தில் மூன்று பெயர் இருந்தது.
எது என்னுடையது?
"எட்டு?" என்றான்.
இரண்டாவதை அமுக்கிப் பார்த்தேன்.
"துளசிமணி, ப்ளீஸ். ஐந்து."

அப்போதுதான் தலை நிமிர்ந்தேன்.

கன்னபுரம் மாட்டுச் சந்தையில்
துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார்கள்.
வாயைத் திறந்தவனுக்கு நட்டம்.
மவுஸை விட்டுக் கையை மேசைக்கடியில் வைத்துக்கொண்டேன்.
பட்டை மறுபடி வந்தது. வரட்டும்.
லோகு ஏதோ கேட்க வந்தான், கண்ணால் நிறுத்தினேன்.
இரண்டாவது வரிசையில் மயிலாத்தாளுக்குத் தும்மல் வந்து,
முந்தானையில் பிடித்து, முழுங்கினாள்.

"மூன்று" என்றான் யோரிஸ்.
"அதற்குக் கீழே என் பாஸ் விடமாட்டார்."

கொல்லையில் ஜெனரேட்டர் உறுமியது.
இருபத்திரண்டும் கிளம்பின.
இரைச்சல் அதிகம் என்றது பட்டை.
சரிங்க என்றேன்.
அது மட்டும் அவனுக்குக் கேட்டிருக்கிறது.

கூட்டம் முடிந்ததும் ஒரு கேள்வி:
ஒலித் தரம் எப்படி இருந்தது?
காலியாக ஐந்து நட்சத்திரம்.
நியாயப்படி ஐந்தும் தரணும்.

மூன்று கொடுத்தேன்.
குறைத்தே பழகிய கை.