ரெண்டு நாக்கு, வெங்காயம் வேண்டாம்

ஃபிரெஸ்னோவில் அந்த மெத்தைக் கடை
திவாலாகி மூன்று வருஷம்.
'நிம்மதியாகத் தூங்குங்கள்' என்ற பலகையை மட்டும்
யாரும் அணைக்கவில்லை.
அதன் கீழேதான்
தூங்காதவர்கள் கூடுகிறோம்.

ஒன்பதரைக்கு ஒப்துலியாவின் வண்டி வரும்.
ஒருகாலத்தில் ரொட்டி ஏற்றிய வண்டி.
அவள் அடித்த மஞ்சள் பெயிண்ட்
வெயிலில் வெளுக்க வெளுக்க
அடியிலிருந்து பழைய கம்பெனியின் கோதுமைக் கதிர்
மெல்ல மேலே வருகிறது.
"என் மக்காச்சோளத்தின் மேல் அதற்குப் பொறாமை" என்பாள்.

ஜன்னல் திறந்ததும் முதலில் வாசம்.
பிறகுதான் முகம்.
கல் காய்ந்ததா என்று தண்ணீர் தெளிப்பாள்;
துளிகள் உருண்டோடி
விளிம்பில் காணாமல் போகும் வரை
வரிசையில் ஒருவரும் பேசமாட்டோம்.

பெயர் கேட்கமாட்டாள்.
"பெயர் மறந்துவிடும். சாப்பாட்டைச் சொல்."
அப்படித்தான் நான்
'ரெண்டு நாக்கு, வெங்காயம் வேண்டாம்' ஆனேன்.
என் முன்னாள் மனைவியும்
இரட்டை நாக்கு என்றுதான் சொன்னாள் என்னை.
அவள் மேலே எலுமிச்சை பிழியவில்லை.

நெடுஞ்சாலையில் நின்றுபோன கார்களை
இழுத்து வருவது என் பிழைப்பு.
நான் வந்து இறங்குவதைப் பார்த்து
முகம் மலர்ந்தவர் இதுவரை இல்லை.
இங்கே நான் வண்டியை நிறுத்தும் முன்பே
மாட்டு நாக்கு துண்டு துண்டாகக்
கல்லில் விழும் சத்தம் கேட்கும்.

பார்சல் கட்டித் தரமாட்டாள்.
"ஆறிப்போனதைத் தின்றுவிட்டு
என்னைத் திட்டவா? நின்று தின்னு."
கோட் போட்ட ஒருவன் வந்து
கடை வைத்துத் தருகிறேன், பங்காளி ஆகலாம் என்றான்.
முள்ளங்கி நறுக்குவதை நிறுத்தாமல் சொன்னாள்:
"மேஜை போட்டால் இவர்கள் காலை நீட்டுவார்கள்.
நான் எப்போது வீட்டுக்குப் போவது?"
அவனுக்கும் மூன்று விற்றாள். காசு வாங்கினாள்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்.
பள்ளத்தாக்கு மூடுபனி,
நீட்டிய கை தெரியவில்லை.
பத்தாயிற்று. பத்தரை.
வண்டி நிற்கும் இடத்து எண்ணெய்க் கறையைச் சுற்றி
நாலு பேர் நின்றோம்,
தீ மூட்ட மறந்தவர்கள் மாதிரி.
டயர் பஞ்சராயிருக்கும் என்றார் ஒருவர்.
பனிதான் காரணம் என்றார் இன்னொருவர்.
யாரோ பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள் என்பதை
யாரும் சொல்லவில்லை.
எல்லோரும் அதையே நினைத்தோம்.

சும்மா நிற்க முடியாமல் பெயர் சொல்லிக்கொண்டோம்.
'நாலு கோழி, பச்சைச் சட்னி தனியாக'
பா ந்யா, நர்ஸ்.
'பீன்ஸ் மட்டும், சீஸ் ரெட்டிப்பு'
ஜஸ்கரன், பாதாம் லோடு ஏற்றுகிறவன்.
'ஒரே ஒரு குடல், முறுகலாக'
ஹ்ராந்த். பிணங்களுக்குச் சவரம் செய்து
டை கட்டிவிடுகிறவர்.
இரண்டு வருஷம் தோள் உரசி நின்றிருக்கிறோம்.
பா ந்யா பையிலிருந்து உப்பு பிஸ்கெட் எடுத்தாள்.
ஆளுக்கு மூன்று.
பசிக்கு அது ஒன்றுமே இல்லை.

மறுநாள் ஒன்பதரை.
மஞ்சள் வண்டி.
ஜன்னலைத் திறந்தவள்
நாலு பேரும் ஒரே நேரத்தில் கத்துவதைப் பார்த்து
கரண்டியை ஓங்கினாள்.

"நேற்று என் பிறந்தநாள்.
மதேராவில் எவனோ புதிதாக வண்டி போட்டிருக்கிறானாம்.
போனேன். நாற்பது நிமிஷம் வரிசையில் நின்றேன்."

எப்படி இருந்தது?

"கல் காயவே இல்லை அவனுக்கு. உப்பு மட்டு.
டோர்ட்டியா செருப்புத் தோல்."
கொத்தமல்லியை உதறினாள்.
"ஆனால் வேறொருத்தர் சுட்டுக் கொடுத்தது.
ஆறு தின்றேன்."

சொல்லும்போதே கை தன்பாட்டில் ஓடியது,
கொஞ்சம் அதிகமாகவே ஓடியது.
காகிதத் தட்டை வாங்கிப் பார்த்தேன்:
நாக்கின் மேல் வெள்ளை வெளேரென்று
ஒரு கை வெங்காயம்.

"நல்லா இருக்கா?"
ஜன்னலில் முழங்கை ஊன்றிக் கேட்டாள்,
முதல் தடவையாக.

பிரமாதம் என்றேன்.
கண்ணில் நீர் முட்ட.
இரட்டை நாக்குதான்.