பருப்பில் கல்

போன மாதம் வரை
பருப்பில் கல் கிடந்தால்
சங்கக்கடையைத் திட்டுவேன்.
கல்லைக் கைக்குள் பொத்திக்கொண்டு
உரும்பிராய்ச் சந்தி மட்டும் சைக்கிள் உழக்கிப் போய்
மேசையில் டொக்கென்று வைப்பேன்.
சுகிர்தமலர் வாய் திறக்கமாட்டாள்,
லாச்சியைத் திறப்பாள்.
அதற்குள் ஏற்கெனவே
எத்தனையோ வீட்டுக் கல்.

வெங்காயம் கிண்டிய கூலியில்
ஆயிரம் ரூபாய் ஒதுக்கி
வைகாசிக் கடைசி வெள்ளி
பங்குப்பணம் கட்டினேன்.
படிவத்தில் ஐந்து இடத்தில் ஒப்பம்.
இதுவரை நான் போட்ட ஒப்பமெல்லாம்
'பெற்றுக்கொண்டவர்' என்ற சொல்லுக்கு மேலே.
மா பெற்றுக்கொண்டவர்.
தறப்பாள் பெற்றுக்கொண்டவர்.
ஒருமுறை கோழிக்குஞ்சு, பத்து,
அதில் நாலு மிஞ்சியது.
இந்தத் தாளிலும் அந்தச் சொல்லைத் தேடினேன்.
'பங்குதாரர்' என்றிருந்தது.
பேனை எழுதவில்லை.
மை முடிந்துபோயிருந்தது, வேறொன்றுமில்லை.
சுகிர்தமலர் தன்னுடையதைத் தந்தாள்.

பற்றுச்சீட்டைக்
காணி உறுதி கிடக்கும் பொலித்தீன் பைக்குள் வைத்தேன்.
காணி மயிலிட்டியில்.
இருபத்தேழு வருடம்
உறுதி என்னிடம், காணி துவக்குக்காரரிடம்.
சொந்தம் என்ற சொல்லை அதனால்
சூட்டுச் சட்டியைப்போலத்தான் தொடுவேன்.
இந்தச் சொந்தத்துக்குள்
காலை எட்டு மணிக்கு யாரும் போகலாம்.
ஒரு மணிக்குப் பூட்டுவார்கள்,
சாப்பாட்டுக்கு.

ஆனியில் பொதுக்கூட்டம்.
வாடகைக் கதிரை நாற்பது,
வந்த ஆட்கள் அறுபத்தொன்று.
தலைவர் அற்புதானந்தம் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக்
கணக்கு வாசித்தார்.
எலி தின்ற மா பதினொரு கிலோ.
நானூற்றுப் பன்னிரண்டு அங்கத்தவருக்கு அதைப் பிரித்தேன்.
என் பங்குக்கு வந்தது
ஒரு பிடி பிட்டுக்கும் காணாது.
பிறகு கடன் பட்டியல்.
பெயர் வேண்டாம் என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.
வாசியுங்கோ என்றது இன்னொன்று.
பத்தொன்பதாவது: பவளராணி,
இரண்டாயிரத்து நூற்றெண்பது.
ஒருவரும் திரும்பவில்லை,
அவரவர் பெயருக்கு அவரவர் காத்திருந்தார்கள்.
எனக்கு நானே தரவேண்டிய காசு!
சிரிக்கப் பார்த்தேன்.
பங்குனியில் சீனி இல்லையென்று
இதே கடை வாசலில் நின்று நான் கத்தியது
அப்போதுதான் நினைவு வந்தது.

அரிசியை ஆலைக்காரரிடம் வாங்குவதா,
சங்கானைக் கமக்காரரிடமா?
கை உயர்த்தச் சொன்னார்கள்.
லொறி மூன்று ஓடும் தில்லைநடேசனுக்கு நூறு பங்கு.
எனக்கு ஒன்று.
எண்ணினவர் விரலால் காற்றைக் குத்திக் குத்தி
வரிசை வரிசையாக வந்தார்.
மோதிரம் போட்ட கை ஒன்று,
வெங்காய மணம் போகாத கை ஒன்று.
நான் கமக்காரருக்கு உயர்த்தினேன்.
நாலு கையால் தோற்றோம்.
தோற்றுப்போய்த் தேத்தண்ணீர் குடிக்கையில்
தில்லைநடேசன் வடைத் தட்டை என் பக்கம் தள்ளினார்.
எடுத்தேன். ஏன் விட?
அதுவும் சங்கத்துக் காசுதானே.

திங்கட்கிழமை
சொதியும் பருப்பும் சோறும்.
மகன் கடவாயைப் பிடித்துக்கொண்டு
துப்பினான்.
கழுவி எடுத்தேன், சின்னக் கறுப்புக் கல்.
பழைய கோபம் சைக்கிளில் ஏறிவிட்டது,
கோயிலடி வளைவு மட்டும் ஏசிக்கொண்டே வந்தது.
அதற்குப் பிறகு
ஆரை ஏசுவதென்று தெரியாமல்
சும்மா உழக்கினேன்.

சுகிர்தமலர் என்னைக் கண்டதும் லாச்சியை இழுத்தாள்.
நான் போடவில்லை.
"சுளகு இருக்கே?"
"என்னத்துக்கு?"
"மூட்டையை அவிழ்."

இரண்டு பேரும் சாக்கை விரித்துக் குந்தினோம்.
அரை மணித்தியாலத்தில் கல் ஏழு,
சணல் நூல்,
பச்சைக் கண்ணாடித் துண்டு ஒன்று.
முதுகு நொந்தது. இதற்குச் சம்பளமில்லை.
மூட்டை இன்னும் முக்கால்வாசி கிடந்தது.

வாசலில் யாரோ பிள்ளைத்தாய்ச்சி,
முகம் தெரியாது, கையில் பன்பை.
"பருப்பில கல் கிடக்கோ அக்கா?"

"கிடக்கு" என்றேன்.
"கொஞ்சம் பொறுங்கோ."