வில்லங்கம் ஏதுமில்லை

ஞாயிறுதோறும் ஓசூரிலிருந்து பைக்கில் வந்து
ஆள் இல்லாத வீட்டைக் கூட்டுகிறேன்,
பதினாலு மாதமாய்.
பார்க்க ஒரு பார்ட்டி வருதென்று
திம்மராயன் போனில் சொல்லியிருப்பார்.
பார்ட்டி பெரும்பாலும்
அடுத்த ஞாயிறு வரும்.

கட்டிகானப்பள்ளி, மூன்றாவது தெரு,
இரண்டரை சென்ட், தெற்கு பார்த்த வாசல்.
வாசலைச் சொன்னதும் பாதிப் பேர்
போனிலேயே திரும்பிப் போய்விடுகிறார்கள்.

வந்தவர்களில்
மாங்கூழ் கம்பெனி மேனேஜர் குழாயைத் திறந்து
ஒரு வாய் குடித்துவிட்டு, உப்பு என்றார்.
ஒன்பது வருடம் அதில்தான் காப்பி போட்டோம்.
ஒரு டீச்சர் கைப்பையிலிருந்து
கோலிக்குண்டை எடுத்துத் தரையில் வைத்தார்.
அது சற்று யோசித்தது,
பிறகு சமையலறைப் பக்கம் உருண்டது.
பெங்களூர்க்காரர் காரைவிட்டு இறங்கவே இல்லை.
இடிக்க எவ்வளவு ஆகும் என்றார்.

மாங்காய் சீசன் முடியட்டும், பணம் புழங்கும்.
ஆடி போகட்டும்.
புரட்டாசியில் யார் சார் வீடு பார்ப்பாங்க.
திம்மராயனின் காலண்டரில்
வீடு விற்கிற மாதம் இன்னும் அச்சாகவில்லை.
நாற்பத்தெட்டில் ஆரம்பித்தேன்,
நாற்பத்தொன்றுக்கு இறங்கிவிட்டேன்.
மாதம் ஐந்தாம் தேதி
தவணை கட்டும் வீடும் வாடகை வீடும்
என் சம்பளத்தைச் சாப்பிட்டுவிட்டு
எதிரெதிரே உட்கார்ந்து ஏப்பம் விடுகின்றன.

ஐப்பசியில் வந்தார் ரெஜினா,
பெரியாஸ்பத்திரி நர்ஸ்.
எங்களுக்குத் தெற்கு வடக்கு இல்லைங்க என்றார்.
தண்ணீரையும் குடித்தார், ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு லட்சம் அட்வான்ஸ், மூன்று மாதக் கெடு.
அன்றிரவு யசோதா கேசரி கிண்டினாள்.

பேங்க் வக்கீல் தாய்ப்பத்திரத்தை
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்தார்.
தொண்ணூற்றிரண்டில் நிலத்தை விற்ற குடும்பம்,
அண்ணன் தம்பி மூன்று பேர் கையெழுத்து.
தங்கச்சி ஒருத்தி உண்டே, அவங்க எங்கே?
முப்பது வருடச் சான்றில்
வில்லங்கம் ஏதுமில்லை என்றிருக்கிறது.
ஒரு பெண் விட்டுப்போனது
அந்தக் கணக்கில் வராது போல.

மகராசகடை வழியாகக் குப்பம்.
கெங்கம்மா களத்தில் தக்காளி பிரித்துக்கொண்டிருந்தார்,
பழுத்தது ஒரு கிரேட், செங்காய் ஒரு கிரேட்.
நான் நீட்டிய கவரை வாங்கிக் கீழே வைத்து
காற்றில் பறக்காமல் ஒரு பழத்தை அதன்மேல் வைத்தார்.
பிரிக்கவில்லை.
"எங்கண்ணனுங்க விக்கறப்ப
நான் இங்கதான் இருந்தேன். ஒரே பஸ்ஸு.
ஒருத்தனும் வந்து ஒரு வார்த்தை சொல்லல."
நான் ஒன்றும் சொல்லவில்லை.
நான் விற்றதில்லையே, வாங்கியவன்கூட இல்லை,
வாங்கியவனிடம் வாங்கியவனிடம் வாங்கியவன்.
"போடமாட்டேன்னு சொல்லல சாமி.
முப்பது வருசம் எனக்கு யோசிக்க வேலையில்ல,
இப்ப கொஞ்ச நாளு யோசிக்கறேன்.
சங்கராந்தி போகட்டும்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும்.
கெடு சங்கராந்திக்கு முன்பே முடிகிறது.

கிளம்பும்போது கேட்டார்:
என்ன வெலைக்குப் போவுது?
இத்தனை மாதத்தில் முதல்முறையாக
கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.
கையிலிருந்த காயை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.
"கம்மி," என்றார்.
தெற்கு பார்த்த வாசல் என்றேன்.
"இருக்கட்டும். அந்த மண்ணுக்கு அது கம்மி."
கவரைத் திருப்பித் தந்தார்,
நடுவில் ஈரவட்டம்,
முத்திரை குத்தினாற்போல.

வீட்டைத் திறக்காமல் நேரே ஓசூர் வந்தேன்.
ரெஜினா இரண்டு முறை கூப்பிட்டிருந்தார்.
போட்டாங்களா, என்றாள் யசோதா.
கம்மின்னாங்க, என்றேன்.
புரியாமல் பார்த்தவள்
முழுசும் சொன்ன பிறகு
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
நாளை மறுநாள் ஐந்தாம் தேதி.