மிச்சம் பூஜ்யம்

செய்திஸ்ஃபியோர்தூரில்
கடல் கேபிள் கரையேறும் அறை.
ஹல்பேரா படிவம் நிரப்புகிறாள்.
"பழைய மோடத்தை மாற்றினால்
வேகம் எத்தனை மடங்கு?"
நகராட்சிக்கு ஒரே ஓர் எண் போதும்.

இந்தக் கண்ணாடி இழையில் நொடிக்கு
இருநூற்று நாற்பத்தெட்டுக் கோடியே
எண்பத்து மூன்று லட்சத்து இருபதாயிரம் பிட்.
மலைமேல் பனியளக்கும் கம்பத்துக்கோ
பதினாலாயிரத்து நானூறு.

வகுத்தாள்.
ஒரு லட்சத்து எழுபத்திரண்டாயிரத்து எண்ணூறு.
மிச்சம் பூஜ்யம்.
சந்தேகப்பட்டு மறுபடி வகுத்தாள்;
அவள் சம்பளம்கூட ஒருமாதமும்
இப்படி வகுபட்டதில்லை.

அத்தனை நொடி என்றால் இரண்டு நாள்.
கூடவுமில்லை, குறையவுமில்லை.
இங்கே ஒரு நொடியில் கொட்டுவதை
அங்கே சொல்லி முடிப்பதற்குள்
வியாழன் போய்ச் சனி வந்துவிடும்.

பேனா மூடியைக் கழற்றும்போது
மலை கூப்பிட்டது.
முதலில் கீச்சல், பிறகு கரகரப்பு,
எவ்வளவு தாங்குவாய், எவ்வளவு தருவாய் என்று
இருபது நொடி பேரம்.
அப்புறம் மூன்றே எண்கள்:
பனி. காற்று. சரிவின் நடுக்கம்.
மூன்றாவது, காலையில் வந்ததைப் போல நான்கு மடங்கு.

"கேட்டில், எழுந்திரு.
மேல்தெருவைக் காலி பண்ணு."
"எந்தத் தெரு?" என்றான் தூக்கத்தில்.
"மேல்தெருடா!"
அவன் இரண்டாவது பூட்ஸைத் தேடிய நேரத்தை
எந்த அலகில் மாற்றுவது?

பள்ளி ஜிம்மில் பதினோரு குடும்பங்கள்
ஆறிப்போன காப்பியோடு
அவளைத் திட்டிக்கொண்டிருந்தன
வெள்ளி முழுக்க.

பனி இறங்கியது சனிக்கிழமை.
படிவத்தில் அந்தக் கட்டம்
இன்னும் காலி.