பதினேழாம் பக்கம்

எல்லா வாய்க்கும் ஒரே குரல், என்னுடையது.
கிழவனும் நான், அவன் மருமகளும் நான்,
குதிரை விலை பேச வருகிறவனும் நான்.
திபிலிசியில் வெள்ளிக்கிழமைதோறும்
மூடிப்போன செருப்புத் தொழிற்சாலையின் மாடியில்
அறுபது நாற்காலி, ஒரு திரை,
பின்னால் பலகை அடித்த கூண்டு.
கூண்டுக்குள் நானும், ஒரு விளக்கும்,
தொண்டைக்கு ஒரு குவளை வெந்நீரும்.
அலமாரியில் யாரும் எடுத்துப்போகாத
மரக்கால் அச்சுகள், ஜோடி ஜோடியாக.

இந்த வாரம் போர்த்துகீசியப் படம்.
உப்பளம். இரண்டேகால் மணி நேரமும் உப்பளம்.
எனக்கு அந்த மொழி தெரியாது.
வசனத்தாள் பிரெஞ்சில் வந்திருந்தது.
பதினாறை அடுத்துப்
பதினெட்டு.

படம் விட்டு, பனியில் நடந்து,
நால்வரும் கின்காலிக் கடையில் உட்கார்ந்தோம்.
மின்சாரம் இருந்தது. அதையே முதலில் பாராட்டினோம்.

"எடிட்டர் செத்துவிட்டானா?" என்றாள் சியாலா.
"போன மாதம் பார்த்த மங்கோலியப் படத்தில்
ஒட்டகம் இதைவிட நன்றாக நடித்தது."
நோதர் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.
அவர் முள்கரண்டியை வைத்தால்
அரைமணி நேரத்துக்கு எடுக்கமாட்டார்.
"உனக்குச் சம்பவம் வேண்டும்.
உப்பு காய எவ்வளவு நேரமாகுமோ
அவ்வளவு நேரம் காட்டுகிறான்.
பிறகு அந்த ஒரு வசனம்.
பதினொரு வருடம் கழித்து வரப்பில் வந்து நிற்கிறான்.
அவள் திட்டவில்லை, அழவில்லை.
'உன் செருப்பை இன்னும் எறியவில்லை' என்கிறாள்.
அடுத்த காட்சியில் அவன் வெறுங்காலோடு
உப்பில் நடந்து போகிறான்.
செருப்பு இருக்கிறது, அவன் கேட்கவில்லை.
இதுதானம்மா சினிமா."

"உப்பளத்தில் எல்லோருக்கும் வெறுங்கால்தான்" என்றாள் சியாலா.
"அந்த வசனம்தான் படத்தைக் கெடுத்தது.
இரண்டு மணி நேரம் கல்லாக இருந்தவள்
திடீரென்று வாழ்த்து அட்டை மாதிரி பேசுகிறாள்."

நான் மிளகுத்தூளைக் கேட்டு வாங்கினேன்.
அவள் உதடு அசையத் தொடங்கியபோது
என் கையில் தாள் இல்லை.
அறுபது பேர் இருட்டில் காத்திருந்தார்கள்.
கண் அலமாரிக்குப் போனது, அவ்வளவுதான்.
முதலில் பட்ட மரக்காலைச் சொல்லாக்கினேன்.

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன்.
கின்காலியின் சாறு சுட்டது.
அதற்குள் ஒத்தியா பேசிவிட்டான்.
டிராலிபஸ் ஓட்டுகிறவன், முதல் ரீலிலேயே தூங்குகிறவன்,
படத்தைப் பற்றி இதுவரை
"நீளம்" என்பதைத் தவிர எதுவும் சொல்லாதவன்.
"அந்த இடத்தில் விழித்துக்கொண்டேன்" என்றான்.
"நல்ல வசனம்."

அவன் மனைவி தெசலோனிக்கியில்
யாரோ ஒரு கிழவிக்குச் சோறூட்டுகிறாள், ஐந்து வருடமாக.
மேசையில் எல்லோருக்கும் தெரியும்.
நோதர் வெற்றிபெற்றவர் போல் சிரிக்காமலிருந்தார்.
சியாலாகூட இன்னொரு தட்டு சொன்னாள்.

கணக்குப் பார்க்கும் நேரம்.
தின்னாமல் விட்ட மாவு முடிச்சுகளை எண்ணினோம்,
ஆளுக்கு எத்தனை என்று.
நோதருக்கு நான்கு. பேசியே பசியாறியவர்.
சியாலா தன் கையுறையை மாட்டிக்கொண்டே,
என்னைப் பார்க்காமல் சொன்னாள்:
"நான் பல் வைத்தியர், லம்சிரா.
நாளெல்லாம் வாயைத்தான் பார்க்கிறேன்.
அந்தப் பெண் அவ்வளவு நீளமாகப் பேசவில்லை.
இரண்டு சொல். உதடு இரண்டு முறை மூடியது."
"நீளமான மொழி நம்முடையது" என்றேன்.
"ஆமாம், ஆமாம்" என்றாள்.

ஞாயிறன்று பிரதியைத் திருப்பி அனுப்ப வேண்டும்.
பக்கம் ஒன்று வரவில்லை என்று
கடிதத்தில் ஒரு வரி எழுதினால்
அவர்கள் அனுப்பி வைப்பார்கள்.
எழுதி, கிழித்து,
ஜன்னல் கண்ணாடியின் முன் நிற்கிறேன்.
குரல் வராமல்
உதட்டை மட்டும் மூடுகிறேன், திறக்கிறேன்,
மூடுகிறேன்.
வராதே, என்றிருக்கலாம்.
சாப்பிட்டாயா, என்றும் இருக்கலாம்.