கரை ஒதுங்கும் காட்சி

படத்தில் நான் பிணம்.
அறுநூறு ரூபாய்ச் சம்பளம், மதியம் கோழி பிரியாணி,
நனைந்த கைலிக்கு மாற்றாய் இன்னொரு கைலி.
தொண்டிக் கரையில் மூன்று விடியற்காலை
மல்லாந்து கிடந்தேன்.
நண்டு ஏறினாலும் அசையக்கூடாது என்றார் டைரக்டர்.
ஏறியது.

விருது அறிவித்த வாரம் பேப்பரில் எழுதியிருந்தார்கள்:
"கரை ஒதுங்கும் அந்த உடல்
நம் காலத்தின் ஊமை மனசாட்சி."
டீக்கடையில் இன்னாசி அதைச் சத்தமாய் வாசித்துவிட்டு
மனசாட்சிக்கு ஒரு டீ, சீனி கம்மி என்றான்.
இன்னொரு பத்திரிகைக்காரருக்கு
முதல் பாதி நகரவே இல்லையாம்.
பிணத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது.
எனக்கு அதுதான் உறுத்தியது.

எடுத்த ஊரில் காட்டவேண்டும் என்று
புயல் காப்பகத்தில் திரை கட்டினார்கள்.
அட்டை கடத்துகிறவன் முகம் தெரிந்ததும் விசில்.
நிஜமாகவே அட்டை கடத்தியவர்
மூன்றாவது வரிசையில்
கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.
அதிகாரி கவர் வாங்கும் இடத்தில்
"இவ்வளவு கம்மியாவா?" என்றது இருட்டு.
கதாநாயகி பேசுவது மதுரையா கோயம்புத்தூரா என்று
பெண்கள் பக்கம் தனி வழக்கு ஓடியது.
அட்டை அவிக்கிற அண்டாவைப் பார்த்த சீனி முகம்மது
"இதுல கல்யாணத்துக்குத்தான் ஆக்கலாம்" என்றார்.
கொலை நடந்தபோது ஒரு குழந்தை தூங்கிவிட்டது.

பிறகு நான் வந்தேன்.
அலை என்னை உருட்டி, ஒருதரம் பின்வாங்கி,
மணலில் வைத்துவிட்டுப் போனது.

களஞ்சியம் எழுந்துவிட்டார்.
நாற்பது வருஷம் வள்ளம் ஓட்டிய மனுஷன்.
"தம்பி, நிப்பாட்டு. கதைப்படி இது ஆனி மாசம்.
ஆனியில கச்சான் காத்து. கரையிலேருந்து உள்ள தள்ளும்.
நெடுந்தீவுப் பக்கம் போகவேண்டிய பொணம்
இங்க எப்படிய்யா வரும்?"
கைதட்டல்.
டைரக்டர் நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார்.
வராது, வரவே வராது என்று
ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம்.
நானும் சொன்னேன். பிணமே சொன்னேன்.

யாருக்கு முதலில் உறைத்ததோ,
வரிசை வரிசையாய்ப் பேச்சு அவிந்தது.
தூணோரம் முத்துராக்கு.
அவள் வீட்டுக்காரன் வலையோடு போனது
முந்தின வருஷத்து ஆனி.
வத்தை மட்டும் அகப்பட்டது.
அன்று தொட்டு
விடியும் முன் அவள் கரைக்கு வந்து போவதை
ஷூட்டிங் நடந்த மூன்று நாளும் பார்த்தேன்.
லைட் வெளிச்சத்தில் என்னை எட்டிப் பார்த்து,
ஆள் யாரென்று தெரிந்ததும்
முந்தானையை இழுத்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

இப்போது மெஷின்காரப் பையனிடம் போய்
"அந்த எடத்த இன்னொருக்கா போடுப்பா" என்றாள்.
போட்டான்.
அலை என்னைக் கொண்டுவந்து வைத்தது.
"இன்னொருக்கா."
களஞ்சியம் தோள்துண்டை எடுத்தார்,
என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டார்.

மூன்றாம் தடவை நானே கவனித்தேன்,
விருது கொடுத்தவர்கள் கவனிக்காததை:
ஈரச் சட்டைக்குள் என் வயிறு
லேசாக ஏறுகிறது.

"மூச்சு இருக்கு" என்றாள்.

பையன் பயந்துபோய்ப் படத்தை நிறுத்தினான்.
ஏறிய வயிறு
இறங்காமல்
அப்படியே நின்றது.